கூடிப்போன பொருத்தம்

எனக்குக் கூட்டத்தில் பேச வராது, இன்ஸ்பெக்டர் மேடம். ஆலயத்தில் கல்யாண ஓலை வாசிக்கும்போது, தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார் அல்லவா? இரண்டு ஞாயிறும் என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

மணப்பெண் ஸ்மைலினும் நானும் நாகர்கோவிலில் ஒன்றாக மரபணுவியல் படித்தவர்கள். மீனவர் வலையில் ஏறும் விஷ நத்தையின் புரதங்களைப் பிரித்துக் கணினியில் ஒப்பிடுவது எங்கள் ஆய்வு. முதல் புரதம் பொருந்திய அன்று கைகோத்துக்கொண்டு மாடிப்படியெல்லாம் குதித்து இறங்கினோம். வடசேரி பேருந்து நிலையம்வரை சிரிப்பு அடங்கவில்லை. இப்போதும் வருகிறது, மன்னியுங்கள். அப்படிப்பட்டவளை ஜெபிஷ் கல்யாணம் முடித்து மஸ்கட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தான். அங்கே அவளுக்கு என்ன வேலை? அவனுக்கு மீன் பொரிப்பதுதானே.

கல்யாணத்தைத் தடுக்கும் வழியை அவளேதான் கொடுத்தாள். தன் உமிழ்நீரையும் அவன் உமிழ்நீரையும் குழாய்களில் கொண்டுவந்தாள்.

"நம்ம ஆளுவ ஜாதகம் பாக்க மாட்டாவ. நீ ஜீனப் பாத்துப் பொருத்தம் சொல்லு மக்கா."

"நல்ல பொருத்தம் வேணுமாட்டி?"

"பின்னே? ஒண்ணும் கொறையப்பிடாது, கேட்டியா?"

குறைக்கவில்லை. அவளுடைய மரபணுக் கோப்பிலிருந்து வேண்டிய அளவு வெட்டி அவன் கோப்பில் ஒட்டினேன். தையல் தெரியவே இல்லை. தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன்.

கல்யாணத்தில் பொருத்தம் கூடினால் நல்லது. எங்கள் படிப்பில் அவ்வளவு கூடினால், இருவருக்கும் ஒரே தகப்பன் என்று அர்த்தம். எந்தத் தகப்பன் என்று நான் சொல்லவில்லை. முன்பு இரண்டு குடும்பமும் கருங்கல் ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவை. மீதியை ஊரே முடிவுசெய்தது.

ஜெபிஷின் அம்மா பூங்கனி வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அவர் கணவர் ஞானையன் கேட்கவில்லை.

"கம்ப்யூட்டருக்கு ஒம்மேல என்னட்டி பகை? அது பொய்யா சொல்லும்?"

என்னிடமும் திரும்பி அதையே கேட்டார். சொல்லாது என்று தலையாட்டினேன். மறுநாள் காலையில் பூங்கனியைக் குளத்திலிருந்து எடுத்தார்கள்.

ஆமாம், செய்தது நான்தான். ஆனால் ஸ்மைலின் மஸ்கட் போகவில்லை. மறுபடியும் என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள். நாள் முழுக்க அழுகிறாள். கண்ணீரில் நூற்றுக்கணக்கான புரதங்கள் உண்டு, மேடம். கொஞ்சம் பிடித்து உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். எங்கள் இருவர் பெயரிலும் அடுத்த கட்டுரை அதுதான். கட்டுரை விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நானே சொல்ல வேண்டும். துள்ளிக் குதிப்பாள்.