சாமி குடியிருந்த ரயில் பெட்டி

ஹட்டன் பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண், தங்கள் தோட்டத்துக் கோயில் தலைவரிடம், "நம்ம சாமி இருக்கிற ரயில் பெட்டிய இரும்புக்குப் போட்டுறாதீங்கண்ணே" என்றாள். சாமி காரியம் என்பதால் காது கொடுத்தேன்.

"புதுக் கோயில் கட்டியாச்சு தங்கச்சி. சாமி அங்க போனப்புறம் பழைய பெட்டி எதுக்கு?"

"மடப்பள்ளியா வைங்க. அந்தப் பெட்டி தண்டவாள வேலைக்கு ஓடுன காலத்துல எங்கப்பா அதுலதான் வேலையாளுங்களுக்குச் சோறாக்குனாரு. தட்டோட போய் நிக்கிற லயத்து வீட்டுப் புள்ளைகளுக்கும் போடுவாரு."

"அதுக்காக, சாமி இருந்த எடத்துல அடுப்பா?"

"அடுப்பு இருந்த எடத்துலதாண்ணே நீங்க சாமிய வச்சீங்க."

தலைவர் சிரித்தார்.

"உங்கப்பா கொழம்புல எப்பவும் உப்பு கூட. நீயாவது பாத்துப் போடு."