துரைக்கு வைத்த பொட்டு

ஆடி அமாவாசைக்கு மறுநாள், கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் மடியில் இருந்த அட்டைப் பையிலிருந்து ஒரு படத்தைப் பாதி உருவினார். உருவிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"அடியே, தொரை நெத்தியில என்னடி இது?"

"சந்தனமும் குங்குமமும்தான். தொப்பி மறைக்குதுன்னு கொஞ்சம் கீழ எறக்கி வச்சேன்."

எட்டிப் பார்த்தேன். மையால் வரைந்த வெள்ளைக்காரர். சந்தனத்தின் ஈரத்தில் புருவம் கரைந்து மூக்குவரை வந்திருந்தது.

"எவ உன்னைய வைக்கச் சொன்னது?"

"இந்தப் படங்கள்ல இருக்கவங்க எல்லாம் செத்து எம்பது வருசம் ஆச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? நேத்து அமாவாசை. நம்ம அப்பாவுக்கு வச்சேன், இவரும் நம்ம வீட்லதான இருக்காரு."

"அந்தக் காலத்துப் பத்திரிகைக்குக் கையால வரைஞ்ச படம்டி. காலேஜ்ல கண்காட்சிக்குக் கேட்டிருக்காங்க. இப்ப எதக் கொண்டுபோயி வைப்பேன்?"

"கடையில ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டா?"

"பத்திரிகையில அச்சானது எங்கிட்டும் கெடைக்கும். வரைஞ்ச ஆளு கைபட்டது ஒலகத்துக்கே இது ஒண்ணுதான்!"

அவள் முந்தானை நுனியை எச்சில் தொட்டுப் படத்தை நோக்கிக் கொண்டுபோனாள். அவர் கையைத் தட்டிவிட்டார். கண்டக்டர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாகக் கேட்டார்.

"இந்த ஒண்ணுக்கு மட்டும்தான வச்ச? பீரோவுல இருக்குற மத்த படங்களத் தொடலைல?"

"அதெப்புடிங்க? ஒருத்தருக்கு மட்டும் வச்சா மத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"