பழைய விமான நிலையத்தில் ஏறியவள்

இரவு ஒன்று இருபது. பழைய விமான நிலையத்துக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் புல், புல்லுக்கு அப்பால் ஒன்றுமில்லை. ஊருக்கு அந்தப் பக்கம் புதிய விமான நிலையம் வந்ததிலிருந்து இந்தச் சாலையில் ராத்திரி நாய்கூட நடப்பதில்லை. அதில் ஒரே ஒரு கார் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டுகிறவருக்கு வாடகைக் கார்க்காரர்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பயணியைக்கூட ஒரு நிமிடம் காக்க வைத்ததில்லை. நம் மெக்கானிக் இருக்கிறாரே, அவருடைய சகலைதான். நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் காலையில் மெக்கானிக்கிடமே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். ஜன்னல் பக்கம் இருப்பவர் மட்டும் கொஞ்சம் அந்தத் திரையை இழுத்து விடுங்கள்... ஒன்றுமில்லை, சும்மாதான்.

அன்றைக்கு அவர் வாடகைக்குப் போகவில்லை. அண்ணன் மகளை அழைத்து வரப் போனார். ஊர் நடுவில் பெரிய ஆஸ்பத்திரி, ஏழாவது மாடி, பதினெட்டாம் நம்பர் அறை. அங்கே அண்ணன் படுத்திருந்தார். விடிகிறவரை தாங்கினாலே அதிகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அப்பாவுக்கும் மகளுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. பத்தொன்பது வயதில் அவள் தன் இஷ்டத்துக்கு வெளிநாடு போனாள். "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்றார் இவர். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், முழிக்கவே இல்லை. அம்மா மட்டும் திருட்டுத்தனமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளைக்கு முன்னால் அண்ணன் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சிட்டுவ வரச் சொல்லு. அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். சொல்லாம போகமாட்டேன்டா."

என்ன சொல்லப் போகிறார், திட்டா, மன்னிப்பா... யாருக்கும் தெரியாது. கேட்டால் மகளிடம் மட்டும்தான் சொல்வாராம். சிட்டு உடனே விமானம் ஏறிவிட்டாள்.

சித்தப்பாவுக்கு உடம்பு காரில் இருந்தது, மனசு ஆஸ்பத்திரியில் இருந்தது. கை தன் பாட்டுக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பியது. இருபத்திரண்டு வருடம் எந்தப் பக்கம் திருப்பிப் பழகியதோ அந்தப் பக்கம். சிட்டு அனுப்பிய செய்தியில் புதிய விமான நிலையம் என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. படித்தார். தலையையும் ஆட்டினார். வந்து நின்றதென்னவோ பழையதில்.

வருகை வாசலில் பாதி விளக்குகள் இல்லை. காபி இயந்திரத்தின் மேல் துணி போட்டிருந்தார்கள். எங்கேயோ தரை துடைக்கிற மெஷின் 'ம்ம்ம்...' என்று ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இன்னும் வந்துபோகிற ஒன்றிரண்டு விமானங்களில் ஏதோ ஒன்று அப்போதுதான் இறங்கி, பத்துப் பதினைந்து பேர் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தார்கள். மணிக்கூண்டு அட்டையைத் தூக்கிப் பிடித்தார். வீட்டுப் பெயரையே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார், 'சிட்டு' என்று. அழுதுகொண்டு வருகிற பிள்ளை அதைப் பார்த்தாவது சிரிக்கட்டுமே என்று.

வந்தவர்கள் போய்விட்டார்கள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. மெஷினும் நின்றது.

அப்புறம் கதவு திறந்தது... யாருமில்லை. மூடியது. மறுபடி திறந்தது. கிறீச்... கிறீச்... என்று பெட்டிச் சக்கரச் சத்தம். ஒல்லியாக ஒரு பெண், தலையை மூடிய கம்பளிச் சட்டை, குனிந்த முகம். நேராக அட்டைக்கு முன்னால் வந்து நின்றாள்.

இந்த இடத்தில் தொழில் ரகசியம் ஒன்று சொல்ல வேண்டும். அட்டையைப் பார்த்து யார் வந்து நின்றாலும் வாடகைக் கார்க்காரன் வாயைத் திறந்து எதையும் சொல்லமாட்டான். "எங்க போகணும்?" என்று கேட்பான். அவர்கள் வாயால் சரியான இடம் வந்தால்தான் பெட்டியைத் தொடுவான். இல்லாவிட்டால் ராத்திரி நேரத்தில் ஆள் மாறிப் போகும். அசதியில் இருக்கிறவர்கள் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டி ஏறிவிடுவார்கள். நேற்று வண்டி எடுத்தவனுக்குக்கூட இது தெரியும்.

மணிக்கூண்டு கேட்கவில்லை. சொந்தப் பிள்ளையிடம் போய் யாராவது அப்படிக் கேட்பார்களா?

"வந்துட்டியாடா கண்ணு! அப்பா இருக்கார்மா, இன்னும் இருக்கார். ஏழாவது மாடி, பதினெட்டாம் நம்பர் ரூம். அம்மா வெளியிலயே உக்காந்திருக்கா. உன்கிட்ட ஏதோ ஒண்ணு சொல்லணுமாம், அதுக்காக உசிரக் கையில புடிச்சிட்டிருக்கார்."

எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார், பாவம். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை.

பெட்டியைத் தூக்கினார். அதில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. அவசரத்தில் கிளம்பினவள் என்னத்தை எடுத்து வைத்திருப்பாள் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். பின் ஸீட்டில் அவள் உட்கார்ந்ததும் வண்டிக்குள் அந்துருண்டை வாசனை வந்தது. வருடக்கணக்கில் திறக்காத பீரோவைத் திறந்தால் வருமே... அது.

அங்கிருந்து ஊருக்குள் வர மேம்பாலச் சாலை. இருபத்தாறு கிலோமீட்டர். நடுவில் இறங்க வழி கிடையாது, திரும்ப வழி கிடையாது, நிறுத்த ஓரம் கிடையாது. ஏறினால் ஊர் நடுவில்தான் இறங்க முடியும். இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவர். பின்னால் சரக்கு லாரிகள் மூச்சு முட்ட வந்துகொண்டேயிருக்கும்.

ஆறாவது கிலோமீட்டரில் போன் அடித்தது. போன் வண்டியோடு இணைத்திருந்ததால் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் வரும்.

"சித்தப்பா, எங்க இருக்கீங்க? நான் வெளிய வந்து இருபது நிமிஷமாச்சு."

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. "யாரு... யாரும்மா?"

"நான்தான், சிட்டு. புது ஏர்போர்ட்ல ஏழாவது வாசல்ல நிக்கிறேன். மெசேஜ்ல போட்டிருந்தேனே சித்தப்பா."

மணிக்கூண்டு மெதுவாகக் கண்ணாடியைப் பார்த்தார். பின் ஸீட்டில் அவள் அப்படியே இருந்தாள். முட்டியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போதும் வண்டிக்குள் வெளிச்சம் வந்து வந்து போயிற்று. அவர் கைமேல் விழுந்தது, ஸீட் மேல் விழுந்தது... அவள் மேல் மட்டும் விழவில்லை.

"சித்தப்பா? கேக்குதா? அப்பா எப்படி இருக்கார்? இன்னும் எம்மேல கோவமாவா இருக்கார்?"

அந்தக் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார், சொல்லுங்கள். பின்னால் இருப்பதும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது? "ஏதாவது வண்டியப் புடிச்சு வந்துடும்மா," என்றார்.

"ரயில் நின்னுடுச்சு. டாக்ஸிக்கு அறுபது பேர் வரிசையில நிக்கிறாங்க. பஸ் ரெண்டே காலுக்குத்தானாம். நீங்க வரலையா சித்தப்பா?"

"என்னால... இப்ப என்னால வர முடியாதும்மா. பஸ்ல ஏறு. எதுலயாவது ஏறிடு."

போன் அடங்கியது. டயர் ஓடுகிற சத்தம் மட்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தார், பின்னால் லாரிக்காரன் ஹார்னிலேயே கையை வைத்துவிட்டான். மறுபடி மிதித்தார். அண்ணிக்குப் போன் போட்டார். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். ஆஸ்பத்திரியில் சத்தம் கூடாது என்று அவர்தான் சாயங்காலம் அண்ணி போனை ஊமையாக்கிக் கொடுத்திருந்தார்.

"யாரும்மா நீ?" என்று கேட்டேவிட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

பின்னாலிருந்து முதல் தடவையாகப் பேச்சு வந்தது. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல்.

"கொஞ்சம் சீக்கிரம் போங்க சித்தப்பா. அப்பா காத்துட்டிருப்பார்."

மீதி இருபது கிலோமீட்டரும் அந்த மனுஷன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வாயில் வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டார். வேறு என்ன செய்வார்? தள்ளிவிட முடியுமா, குதிக்க முடியுமா? கொலைகாரனைக்கூடப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம். இதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

பாலம் இறங்கியதும் முதல் சிக்னல், சிவப்பு. ஆஸ்பத்திரி அங்கிருந்தே தெரியும். வண்டி நின்றதுதான் தாமதம், 'டப்' என்று கதவு சாத்திய சத்தம். திரும்பிப் பார்த்தார். ஸீட் காலி. டிக்கி மூடி ஆவென்று திறந்து கிடந்தது.

வண்டியை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்தாறு வயது, மூட்டுவலி வேறு. லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று நின்று ஏறியது. ஏழாவது மாடியில் கதவு திறந்தபோது, அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை, சந்தோஷம்.

"சிட்டு வந்துட்டா! போட்டோவுல பாத்த அதே முகம். கட்டிப் புடிச்சேன், உடம்பெல்லாம் சில்லுன்னு இருக்கு, விமானத்துல ஏசி அதிகம் போல. உள்ள அப்பாகிட்ட இருக்கா. எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டார். நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?"

மணிக்கூண்டு கதவுப்பிடியில் கையை வைத்தார்.

உள்ளே அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. நிறுத்தாமல், குழந்தைக்குக் கதை சொல்கிற மாதிரி. நடுவில் ஒரு தேம்பல். அப்புறம் அண்ணன் சிரித்தார். ஆறு மாதமாக அந்த மனுஷன் சிரித்து யாரும் கேட்டதில்லை.

அந்தக் கதவை அவரால் திறக்க முடியவில்லை. திறந்து என்ன சொல்வது, இது உன் பெண் இல்லை என்றா? சாகப் போகிறவரிடமா? பயம் ஒரு பக்கம், அந்தச் சிரிப்பு ஒரு பக்கம். பிடியில் வைத்த கை வைத்தபடி நின்றார். உங்களில் யாராவது திறந்திருப்பேன் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

உள்ளே பேச்சு நின்றபோது மணி மூன்றே முக்கால். அப்போதுதான் திறந்தார். அண்ணன் மட்டும் இருந்தார். ஒரே வாசல்தான் அந்த அறைக்கு, ஜன்னல் திறக்கிற ஜன்னல் இல்லை. கட்டில் ஓரத்தில் போர்வை அமுங்கி இருந்தது.

"சொல்லிட்டேன்டா," என்றார் அண்ணன். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "முகம் கழுவிட்டு வரேன்னு போயிருக்கா."

மூன்று ஐம்பதுக்கு லிஃப்ட் திறந்து சிட்டு ஓடி வந்தாள். நிஜமான சிட்டு. கலைந்த தலை, தோளில் பை, பஸ் டிக்கெட்டைக் கையிலேயே கசக்கிக்கொண்டு. அண்ணி எழுந்தாள், மகளைப் பார்த்தாள், அறைக் கதவைப் பார்த்தாள்... நாற்காலியிலேயே சரிந்தாள். மணிக்கூண்டு தாங்கிப் பிடித்தார். மெதுவாக மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

"அப்பா... அப்பா, வந்துட்டேன்ப்பா."

அண்ணன் கண்ணைத் திறந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரும்மா நீ? புது நர்ஸா?"

"நான் சிட்டுப்பா!"

"விளையாடாதம்மா. சிட்டு அப்பவே வந்துட்டா. பதினோரு வருஷமா நெஞ்சுல அடைச்சு வெச்சதெல்லாம் அவகிட்ட சொல்லிட்டேன். அவ கையால தண்ணிகூடக் குடிச்சிட்டேன்."

சிட்டு கட்டிலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "என்னப்பா சொன்னீங்க? எனக்கும் ஒரு தடவை சொல்லுங்கப்பா. ஒரே ஒரு தடவை. திட்டுனாலும் பரவாயில்லப்பா."

அவருக்கு மூச்சு இழுத்தது. எங்கோ போய்க்கொண்டிருந்தார். "அவளையே கேட்டுக்கோம்மா..." என்றார். அப்புறம் சிட்டுவின் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்து, முகம் மலர்ந்து, "இதோ நிக்கிறாளே. உள்ள வாம்மா, ஏன் அங்கயே நிக்கிற?"

மூன்று பேரில் ஒருவரும் திரும்பவில்லை. சிட்டு அப்பாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, "அப்பா, என்னைப் பாருங்கப்பா, இங்க பாருங்கப்பா," என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அவர் கண் வாசலை விட்டு இந்தப் பக்கம் வரவேயில்லை. அப்படியே நின்றுபோயிற்று.

கட்டில் பக்கத்து மெஷின் ஒரே சீராகக் கத்த ஆரம்பித்தது. வராந்தாவில் நர்ஸ் ஓடி வருகிற காலடிச் சத்தம். உள்ளே வந்திருக்க வேண்டியவள் வாசலில் நின்றாள். "சாரிம்மா, நீங்க போங்க," என்று சொல்லி ஓரமாக ஒதுங்கி, யாருக்கோ வழி விட்டுவிட்டு... அப்புறம்தான் உள்ளே வந்தாள்.