அக்கா படிக்காத கடைசி அத்தியாயம்

“கடைசி அத்தியாயத்த மட்டும் நீ எனக்குப் படிச்சே காட்டலக்கா.”

மலேசியாவில் கோலா சாவா ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்து வந்தது குரல். இரண்டு பெண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். சின்னவள் மடியில் பழைய ஆங்கிலக் கதைப்புத்தகம். ஒட்டுக்கேட்கக் கூடாதுதான், கேட்டேன்.

“எந்தப் புக்கு?”

“இதான், ஹாஸ்டல் புள்ளைங்க கதை. எஸ்டேட்டுல நீ இங்கிலீஷ்ல படிச்சுத் தமிழ்ல சொல்லுவியே. அதக் கேட்டுத்தானே நானும் அந்த மாதிரி ஹாஸ்டல்ல, அஸ்ராமாவுல தங்கிப் படிக்கிறேன்னு குதிச்சேன்.”

“அதெல்லாம் யாருக்கு லா ஞாபகம்.”

“அம்மா செத்த வருஷம்க்கா. அப்பாவும் அஸ்ராமான்னுதான் கூட்டிட்டுப் போனாரு. எறங்கிப் பாத்தா போர்டுல அநாதை இல்லம்னு எழுதியிருந்துச்சு.”

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே செம்பனை மரங்கள் முடியவே இல்லை.

“போன வாரம்தான் நானே முழுசாப் படிச்சேன். லீவு விட்டதும் எல்லாப் புள்ளைங்களையும் வீட்டுலேர்ந்து வந்து கூட்டிட்டுப் போறாங்க.”

பெரியவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அத மட்டும் படிக்காதன்னு அப்பாதான் சொன்னாரு. தெரிஞ்சா அவ நாம வருவோம்னு காத்துக்கிட்டு இருப்பான்னாரு.”

சின்னவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள்.

“தெரியாமலே காத்துக்கிட்டுத்தான்க்கா இருந்தேன்.”