உதயாவின் டி டிரைவ்

பழைய கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதற்குப் பாதிக் காரணம் தூசிதான், மேடம். கேபினெட்டைத் திறந்து ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தாலே போதும். எஸ்.பி. ரோட்டில் நான் வேலை செய்யும் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். எடுத்த எடுப்பில் ஃபார்மட் செய்யச் சொல்ல மாட்டேன்.

என் தம்பி உதயாவின் கம்ப்யூட்டரில் தூசியே கிடையாது. அதை நான்தான் துடைத்துவந்தேன். அதனால், அதில் இருந்ததெல்லாம் தவறுதலாக அழிந்துபோயிருக்குமா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில், இல்லை.

அவன் நோயைப் பற்றி மோனிகா சொல்லியிருப்பாள். முதலில் கால், அப்புறம் கை, கடைசியில் நாக்கு. இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவன் பேச்சு குழறத் தொடங்கியபோது, முழுதாக நின்றுபோவதற்குள் குரலைப் பிடித்து வைத்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். ஸ்ரீராம்புரத்தில் இதே வீட்டில், ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பதிவு செய்தார்கள். தண்ணி. திருப்பு. வலிக்குது. மெதுவா. பிசியோதெரபிக்கு வருகிறவர் கன்னடக்காரர் என்பதால், போதும் என்பதற்கு 'சாக்கு' என்றும் ஒன்று. தொண்டை காயும்போதெல்லாம் வெந்நீர் கொடுத்தது நான்.

அந்தச் சொற்கள் எல்லாம் டி டிரைவில் இருந்தன. இப்போது அவனுக்கு ஒரு விரல் மட்டும் அசையும். திரையில் சொற்கள் வரிசையாக ஒளிரும். வேண்டிய சொல் வரும்போது ஸ்விட்சை அமுக்கினால் அவன் குரலிலேயே பேசும். அந்த ஸ்விட்ச் எக்ஸ்பி போட்ட பழைய மிஷினில் மட்டும்தான் வேலை செய்தது. அதனால் அதையே வைத்திருந்தோம்.

நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளிப்பாட்டுவது நான், ஊட்டுவது நான், பீ மூத்திரம் அள்ளுவது நான். அந்தக் குரல் என்னிடம் சொன்னதெல்லாம் 'திருப்பு', 'மெதுவா', 'அப்படி இல்ல'. மோனிகா வந்தால் வேறு சொற்கள் வரும். அவன் சிரிப்பைக்கூட அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். ஒருமுறை அமுக்கினால் சிரிக்கும். என்னிடம் அதை அவன் அமுக்கியதே இல்லை.

உடம்பில் உணர்ச்சி மட்டும் போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது உண்மையா என்று பார்க்கத்தான் முதலில் கிள்ளினேன். உண்மைதான். அப்புறம், 'அப்படி இல்ல' என்று அவன் சொல்லும்போதெல்லாம் கிள்ளினேன். மேல்கையில், சட்டை மறைக்கிற இடத்தில். கண்டிக்க ஆள் இல்லாவிட்டால் நோயாளிக்குப் பிடிவாதம் கூடிவிடும்.

புத்த ஜெயந்தி அன்று எங்கள் சங்கத் தலைவர் பக்தவச்சலம் எனக்குச் சால்வை போர்த்த வீட்டுக்கே வந்தார். தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். மோனிகாவும் இருந்தாள்.

"கேஜிஎஃப்ல தங்க மைன்ஸ் மூடுனதுல இருந்து நம்ம ஜனம் மூலைக்கு ஒண்ணா போயிட்ச்சு. ஆனா குணசேகர் மாதிரி ஒரு அண்ணன் யாருக்குக் கெடைப்பான்?" என்றார் அவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

தட்டி ஓய்ந்ததும் கம்ப்யூட்டர் பேசியது. கிள்ளுவதற்கு அதில் சொல் கிடையாது. பதிவு செய்யும்போது அது யாருக்குத் தோன்றும்? இருந்த சொற்களை வைத்து ஒட்டினான்.

"அண்ணன். கை. வலிக்குது. தினம். வேணும்னே."

பக்தவச்சலம் சிரித்துவிட்டார். "இன்னாப்பா, மிஷின் ஒளறுது?"

"வைரஸ் சார்," என்றேன்.

மோனிகா சிரிக்கவில்லை. நேராகப் போய் அவன் சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தாள்.

"இது இன்னாண்ணா?"

"கட்டில் கம்பி இடிச்சிருக்கும்மா."

"சரி. நாளைக்கு சாயங்காலம் ஸ்டேஷன்லருந்து ஒரு மேடத்தக் கூட்டினு வரேன். உதயாவையே கேக்கட்டும்."

மறுநாள் காலையில் கடைக்கு லீவு சொன்னேன். முதலில் மோனிகா கொடுத்திருந்த பேக்கப் பென் டிரைவை அழித்தேன். வேறு காப்பி கிடையாது. "நீங்கதானே எக்ஸ்பர்ட், உங்ககிட்டயே இருக்கட்டும்ணா," என்று எப்போதோ சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

பிறகு எக்ஸ்பி சிடியைப் போட்டேன். நீலத் திரை வரும். அதில் பார்டிஷன்கள், அதாவது டிஸ்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள், வரிசையாகத் தெரியும். ஒன்றை அழிக்க வேண்டுமென்றால் 'டி' எழுத்தை அமுக்க வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று எச்சரிக்கும். சம்மதம் என்றால் 'எல்'. உதயாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். இருந்தாலும் அவனுக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்று, மானிட்டரை அவன் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அப்புறம் புது பார்டிஷன் உண்டாக்கி ஃபார்மட் கொடுத்தேன். சீக்கிரம் முடிகிற குவிக் ஃபார்மட் இல்லை, முழு ஃபார்மட். மஞ்சள் பட்டை ஊர்ந்து ஊர்ந்து போனது. ஸ்விட்சை அவன் விரலுக்கு அடியிலேயே விட்டிருந்தேன். பட்டை நிறையும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தான். டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

ஃபார்மட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அழியாது. விவரம் தெரிந்தவன் திருப்பி எடுத்துவிடுவான். அதனால் டிஸ்க் நிரம்பும்வரை சினிமாப் படங்களாக ஏற்றினேன். உங்கள் ஆட்கள் தேடினால் சண்டைக் காட்சிகள்தான் கிடைக்கும். வீண் சிரமம் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்றபடி அவனுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணை ஒருமுறை சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை சிமிட்டினால் இல்லை என்று பழக்கிவிட்டேன். அண்ணன் உன்ன நல்லா பாத்துக்கறேனா என்று கேட்டால் ஒருமுறைதான் சிமிட்டுகிறான். எங்களுக்குள் இப்போது ஒரு மனத்தாங்கலும் கிடையாது. உள்ளே வந்து நீங்களே கேட்டுப் பாருங்கள், மேடம். நானும் வருகிறேன். நான் அவன் மேல்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் அவன் சரியாகப் பதில் சொல்வான்.