பந்துக்கு அந்தப் பக்கம்

கோல்ஃபில் ஆளைக் கெடுப்பது தோள்தான். கையைக் குறை சொல்வார்கள், மட்டையைக் குறை சொல்வார்கள், மழையில் நனைந்த புல்லைக்கூடக் குறை சொல்வார்கள். உண்மையில் மட்டையை இறக்கும்போது இடுப்பு திரும்புவதற்குள் வலது தோள் முந்திக்கொள்ளும். மட்டை வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து பந்தைச் சீவிவிடும். பந்து நேராகத்தான் கிளம்பும். பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து போய்விடும்.

நீங்கள் விளையாடியதில்லை என்றீர்கள். அதனால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. "தாடையை இதுல வைங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் தொழில். மைதானத்துக்கு என்னை அழைத்துப்போனது என் மனைவியின் அண்ணன், மச்சான். என் பந்து வளைந்து போவதைப் பார்த்து எனக்கு 'வாழைப்பழம்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். கொஞ்ச நாளில் மைதானம் முழுக்க அதுவே என் பெயராகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள்கூட வாசலில் நின்றபடி, "வாழைப்பழம் இருக்காரா?" என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. அந்தப் பெயர் ஒழிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மைதானத்தில் ஆட்டம் சொல்லித்தரும் கோச் ஒரு வழி சொன்னார். "பந்துக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் பின்னாடி, ஒரு காலி அட்டைப்பெட்டியை வைங்க. தோள் முந்துனா மட்டை அதுல இடிக்கும். இடிக்கக் கூடாதுன்னு உடம்பே கத்துக்கும்."

வீட்டுக்குப் பின்னால் வலை கட்டிப் பழகினேன். பெட்டி நசுங்கியதுதான் மிச்சம். அட்டைப்பெட்டி போனால் யாருக்கு என்ன? முக்காலி போட்டு அதன்மேல் பூச்சாடியை வைத்தேன், உடைந்தது. அப்பாவின் மேசைக் கடிகாரத்தை வைத்தேன், அதுவும் போனது. கோச்சிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இடிச்சா மனசு தாங்காதுங்கிற மாதிரி ஏதாவது வைங்க சார்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் மறுக்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். முக்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "பரவாயில்லையே, கடிகாரத்துக்கு அப்புறமாவது என் ஞாபகம் வந்துச்சே" என்று கேலி செய்தாள். அவளுக்கு அதில் பெருமைகூட இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். "எதுக்குங்க? நீங்கதான் இடிக்க மாட்டீங்களே" என்றாள்.

தோள் அடங்கியது. மட்டை உள்பக்கமாக இறங்கிற்று, பந்து வலையின் நடுவில் போய் விழுந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் கடை திறக்கும் முன் அவள் வந்து உட்காருவாள். நான் "அசையாதே" என்பேன். அசையமாட்டாள்.

மைதானத்திலும் பந்து நேராகப் போக ஆரம்பித்தது. மச்சானையே ஜெயித்தேன். அவர் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டி, "வாழைப்பழம் நிமிந்துடுச்சுப்பா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பந்து திருந்தினால் பெயர் போய்விடும் என்று நான் நினைத்தது முட்டாள்தனம்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் காலையில் அவள் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். "சரிண்ணே, வாழைப்பழம் ரெடியாயிட்டாரு, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான், குத்தல் ஒன்றும் இல்லை.

விபத்து என்று மச்சான் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பழைய பழக்கம் திரும்பிவிட்டது என்று கோச் சொல்லியிருப்பார். நல்ல மனிதர்கள். ஆனால் என் ஆட்டத்தைப் பற்றித் தப்பாக எழுதிவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. முக்காலியில் யாரும் இல்லாமலே எனக்கு நேராக அடிக்க வரும். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் தினமும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

தோளை நானேதான் முந்தவிட்டேன். நினைத்த அளவுக்கு அது சுலபமாக இல்லை. திருந்திய உடம்பு கேட்க மறுத்தது. முதல் தடவை மட்டை தன் வழியிலேயே இறங்கி, பந்து நேராகப் போய்விட்டது. அவள் கைதட்டினாள். அடுத்த தடவை மட்டை வெளிப்பக்கமாகச் சுற்றி, சரியாக வந்தது.

கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. இப்போதும் எதுவும் இல்லை.

கோச்சிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அடித்து முடித்ததும் அவசரப்பட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் பார்க்கவில்லை. உங்கள் போலீஸ் வண்டி வந்து நிற்கும்வரை, பந்து இருந்த இடத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.