மெஷின் நின்ற இடங்கள்

தம்பி: ...அதான் சொல்றேன், அந்த இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வெச்சுட்டு கம்ப்யூட்டர்கிட்ட வா.

அக்கா: டாக்டரம்மா கோட்டுக்கு வந்துடுவாங்கடா. காலர் இன்னும் பாக்கி.

தம்பி: கொஞ்ச நேரம்தான். அம்மா இன்டர்நெட்ல எழுதின பிளாக்குக்குப் புது வசதியெல்லாம் வந்திருக்கு.

அக்கா: அம்மாவே இல்ல. பிளாக்குக்கு என்னடா புது வசதி?

தம்பி: அது அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியுமா? அம்மா பேருக்கு மெயில் போட்டிருக்கான். "அன்புள்ள எழுத்தாளருக்கு"ன்னு.

அக்கா: எழுத்தாளரா... அவ மட்டும் இருந்திருந்தா இந்த மெயிலைக் கடைக்கு வர்ற அத்தனை பேர்கிட்டயும் காட்டியிருப்பா. அது சரி, அம்மா மெயில் உனக்கு எப்படி வந்துச்சு?

தம்பி: பிளாக்கை ஆரம்பிச்சுக் குடுத்ததே நான்தானே. என் போனுக்கும் வரும்.

அக்கா: ஆரம்பிச்சுக் குடுத்துட்டு ஊரைப் பாக்கப் போயிட்டே. இன்னைக்கு என்ன, வேலை நாள்ல வந்து நிக்கறே? லீவு போட்டியா?

தம்பி: சும்மாதான். உன்னைப் பாக்கணும் போல இருந்துச்சு.

அக்கா: என்னையா? மழை கொட்டப் போகுது. வெளிய துணி காயுதுடா.

தம்பி: கொட்டட்டும். உக்காரு. மொத வசதி... கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து.

அக்கா: வெளுக்கிற கடைக்குக் கறுப்பா? வேணாம்னு எழுதிப் போடு.

தம்பி: ரெண்டாவது, பதிவை அதுவே வாசிச்சுக் காட்டுமாம். கேளு...

அக்கா: ஐயோ, நிறுத்துடா. ரயில் தாமதம்னு சொல்ற பொண்ணு மாதிரி இருக்கு. லிப்ஸ்டிக் கறையைப் பத்தி அம்மா எழுதினதை இவ இப்படியா வாசிப்பா?

தம்பி: "காலர்ல லிப்ஸ்டிக் இருந்தா யாருதுன்னு கேக்கக் கூடாது. என்ன துணின்னு மட்டும் கேக்கணும்."

அக்கா: அதைப் படிச்சுட்டுத்தானே அத்தனை பேர் பிளாக்கைப் படிக்க வந்து மாட்டினாங்க. மை, வியர்வை, காப்பின்னு ஒரு கறைக்கு ஒரு பதிவு. லாண்ட்ரிக்காரிக்கு வந்த வாழ்வைப் பாருன்னு நானே கிண்டல் பண்ணியிருக்கேன்.

தம்பி: மூணாவதுதான் விஷயமே. "எழுத்து ஓட்டம்"னு பேர் வெச்சிருக்கான். ஒரு பதிவை எப்படி எழுதினாங்களோ அதை அப்படியே திரும்ப ஓட்டிக் காட்டும். ஒவ்வொரு எழுத்தா.

அக்கா: புரியல.

தம்பி: அம்மா இந்தக் கீபோர்டுல தட்டினது, தப்பாத் தட்டி அழிச்சது, நடுவுல கையை எடுத்துட்டு யோசிச்சது... எல்லாத்தையும் அவன் பத்திரமா வெச்சிருந்திருக்கான். இப்பதான் வெளிய காட்டறான்.

அக்கா: அழிச்சது கூடவா?

தம்பி: அழிச்சது கூட.

அக்கா: ...அது எப்படிடா? அழிச்சா அழிஞ்சதுதானே.

தம்பி: இல்லையாம். இரு, "மை" பதிவை ஓட விடறேன். அதான் அம்மா மொதமொதல்ல எழுதினது.

அக்கா: ஒண்ணும் இல்லையே. வெள்ளையா இருக்கு.

தம்பி: பொறு.

அக்கா: ...ஏதோ வருது. "ப"... "பள்"... டேய்.

தம்பி: ம்.

அக்கா: "பள்ளிக்கூட"... தப்பு. அழிக்கறா. திரும்பப் போடறா... ஒத்தை விரல்டா. ஒவ்வொண்ணாத் தேடித் தேடி... டேய், இது அம்மாடா.

தம்பி: ஆமாக்கா.

அக்கா: இந்த நாற்காலிதான். குனிஞ்சு எழுத்தைத் தேடுவா, ஒரு குத்து குத்துவா, அப்புறம் நிமிந்து வந்துடுச்சான்னு பாப்பா. அதே மாதிரி வருது பாரு... குத்து... நிமிரறா... குத்து...

தம்பி: இப்ப நின்னுடுச்சு. யோசிக்கறா போல.

அக்கா: இல்ல. யோசிக்க இவ்வளவு நேரம் ஆகாது. "சட்டைப் பை"ன்னு பாதியில நிக்குது பாரு... மெஷின்.

தம்பி: மெஷினா?

அக்கா: மெஷின் நின்னிருக்கும். உனக்குத் தெரியாது, அப்ப நீ இங்க இல்ல. துணி ஓடிக்கிட்டு இருக்கிற நேரத்துலதான் எழுதுவா. மெஷின் நின்ன சத்தம் கேட்டா, பாதி வார்த்தைன்னாலும் அப்படியே போட்டுட்டு எழுந்துடுவா. ஈரத்துணியை எடுப்பா... அடுத்த லோடைத் திணிப்பா... சோப்பு போடுவா... மூடியை ஒரு தட்டு தட்டுவா...

தம்பி: அது இன்னும் தட்டினாத்தான் மூடுதா?

அக்கா: இன்னும் அப்படித்தான். துண்டுல கையைத் தொடச்சுக்கிட்டு... இப்ப வருவா பாரு...

தம்பி: இன்னும் காணோமே.

அக்கா: வந்துட்டா.

தம்பி: ...வந்துட்டாக்கா.

அக்கா: "பையில மூடாத பேனா"... பாத்தியா? விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கறா. எனக்கு பயமா இருக்குடா... நிறுத்தாதே. ஓடட்டும்.

தம்பி: அழாம பாரு.

அக்கா: நான் எங்க அழறேன்? ஆவி, இஸ்திரி ஆவி. செத்துப்போன மனுஷி நம்ம பின்னாடி மெஷினுக்கும் நாற்காலிக்கும் நடந்துக்கிட்டு இருக்கா, அது தெரியுது, நீ என்னவோ... சரி, அடுத்ததைப் போடு.

தம்பி: "லிப்ஸ்டிக்" ஓட்டறேன். அதுல ஒருத்தரைப் பத்தித் தட்டிட்டு அழிச்சிருக்கா.

அக்கா: யாரை? ...அடப்பாவி. பேங்க் மேனேஜரா? வாயில விரலை வெச்சாக் கடிக்கத் தெரியாத மாதிரி வந்து நிப்பாரே அந்த மனுஷன்.

தம்பி: நாளைக்கு வந்தா சிரிச்சுத் தொலைக்காதே.

அக்கா: ...ஒரு நிமிஷம். அழிச்சிருக்கான்னு உனக்கு எப்படி முன்னாடியே தெரியும்?

தம்பி: பஸ்ல வர்றப்ப ஓட்டிப் பாத்தேன். ஒண்ணு ரெண்டு.

அக்கா: எதெல்லாம்?

தம்பி: ...ஒண்ணு ரெண்டுதான்க்கா. கடைசிப் பதிவு ஓட்டலாமா? "துரு"?

அக்கா: டாக்டரம்மா கோட்டை முடிச்சுடறேன். கேட்டா என்ன பதில் சொல்ல?

டாக்டரம்மா: என்ன, என் தலை உருளுதே இங்க. கோட்டு ஆச்சா?

அக்கா: வாங்க டாக்டரம்மா. காலர் மட்டும்தான். நில்லுங்க, இதோ.

டாக்டரம்மா: மெதுவா தேயுங்க. கம்ப்யூட்டர்ல என்ன, எழுத்து தானா ஓடுது?

தம்பி: அம்மா எழுதினதுங்க. எழுதினபடியே திரும்ப ஓடுது. புதுசா வந்திருக்கு.

டாக்டரம்மா: எழுதினபடியேவா? ...அட. இது என்ன, அவங்க பக்கத்துல நின்னு எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு. நோயாளியோட இதயத் துடிப்பைத் தினம் திரையில பாக்கறேன், எனக்கே உடம்பு ஒரு மாதிரி ஆகுது. அப்ப அந்தக் கடைசிப் பதிவையும் பாக்கலாமா?

அக்கா: அது... அதெல்லாம் வராதுங்க.

தம்பி: வரும்க்கா.

டாக்டரம்மா: அதோட கடைசி வரி எனக்கு மனப்பாடம். "சின்னவன் சொன்ன சொல்லை நான் அன்னைக்கே அலசிப் போட்டுட்டேன். அவன்தான் இன்னும் பிழிஞ்சுக்கிட்டு இருக்கான்." அதைப் படிச்சுட்டுத்தான் என் தங்கச்சிக்குப் போன் பண்ணேன். வருஷக்கணக்கா முகம் பாக்காம இருந்தோம். சின்னவன் நீங்கதானே தம்பி?

தம்பி: ஆமாங்க.

டாக்டரம்மா: குடுத்து வெச்சவர். போற நேரத்துல இப்படிச் சொல்லிட்டுப் போக எத்தனை அம்மாவுக்கு வாய்க்கும்?

தம்பி: ...ஆமாங்க.

டாக்டரம்மா: இதை நாங்களும் எங்க வீட்டுலேர்ந்து பாக்க முடியுமா?

தம்பி: அடுத்த வாரத்துலேர்ந்து படிக்கிற எல்லாருக்கும் தெரியுமாம். நாங்க வேணாம்னு நிறுத்தினாத்தான் தெரியாது.

அக்கா: இந்தாங்க கோட்டு. சூடு ஆறட்டும், உடனே மடிச்சுடாதீங்க. போயிட்டு வாங்க டாக்டரம்மா... பாத்துப் போங்க.

தம்பி: நல்லா விரட்டினே.

அக்கா: நிறுத்திடு.

தம்பி: எதை?

அக்கா: அந்த ஓட்டத்தை. யாருக்கும் தெரியக் கூடாது. மேனேஜர் மானம் போகும்.

தம்பி: மேனேஜருக்காகவா?

அக்கா: பின்ன?

தம்பி: "துரு" பதிவை மட்டும் ஒரு தடவை ஓட்டிட்டு நிறுத்திடறேன்.

அக்கா: வேணாம்டா. அது ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு போன்ல தட்டினது. வலியில... அதைப் பாக்க மனசு தாங்காது.

தம்பி: ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி கடையில உக்காந்து எழுதி முடிச்சான்னு சொன்னே.

அக்கா: ...பாதி இங்க, பாதி அங்க.

தம்பி: ம்.

அக்கா: என்ன "ம்"?

தம்பி: ஒண்ணுமில்ல. மௌஸைக் குடு.

அக்கா: மாட்டேன். கையை எடு. பிளக்கைப் பிடுங்கிடுவேன்.

தம்பி: பிடுங்கினா மட்டும் அவன் வெச்சிருக்கிறது அழிஞ்சிடுமா?

அக்கா: டேய்... ஒண்ணு கேக்கறேன். உனக்கு அந்த ரெண்டு வரி வேணுமா, வேணாமா?

தம்பி: வேணும்.

அக்கா: அப்ப அதை நோண்டாதே. இருக்கறபடி இருக்கட்டும். அன்னைக்கு நீ வந்து நின்ன கோலத்தை நான்தானே பாத்தேன். அம்மாவை எடுத்து எல்லாம் முடிஞ்சு, நாற்காலியெல்லாம் மடக்கி வெச்ச பிறகு வந்தே. சோறு இறங்கல, தூக்கம் இல்ல. "ஊரார் அழுக்குல வந்த காசு எனக்கு வேணாம்னு அம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனேனே"ன்னு அந்த மெஷின்ல தலையை முட்டிக்கிட்டு நின்னே. அந்தப் பதிவைப் படிச்ச பிறகுதான் ஒரு வாய் காப்பி குடிச்சே.

தம்பி: குடிச்சேன்.

அக்கா: அதை வெச்சுத்தான் நீ இன்னைக்கு நிமிந்து நடக்கறே. எதுக்குடா அதைப் போய்க் கிளறணும்? எவனோ புது வசதி குடுக்கறான்னு, நல்லா மூடின காயத்தை...

தம்பி: சரிக்கா. இரு. ...இதோ. "எழுத்து ஓட்டம், வாசகர்களுக்குக் காட்ட வேண்டாம்." பாத்துக்கோ. நிறுத்திட்டேன்.

அக்கா: மெய்யாலுமா?

தம்பி: நீயே பாரு. இனிமே வெளியாள் யாரும் பாக்க முடியாது. டாக்டரம்மா மனப்பாடம் பண்ணின வரி அவங்களுக்கு அப்படியே இருக்கும்.

அக்கா: ...அப்பாடா. நீ? நீயும் அந்தப் பதிவை ஓட்டிப் பாக்க மாட்டேன்னு சொல்லு.

தம்பி: மெயில் வந்த அன்னைக்கே பாத்துட்டேன்க்கா. அந்தக் கடைசி வரி வந்தப்ப... எங்கயும் நிக்கல. ஒரு எழுத்து தப்பல. மெஷினுக்கு யாரும் எழுந்து போகல. பத்து விரலும் கடகடன்னு ஓடுது. கடையில பில் போடற உன் கையை எனக்குத் தெரியாதா? தலையில இடி விழுந்த மாதிரி உக்காந்துட்டேன். உன் மேல அப்படி ஒரு கோவம். அப்புறம் நிஜமான அம்மா எங்க நிறுத்தினான்னு தெரிஞ்சுக்கத்தான் பின்னாடி நகத்தினேன்... துருவைப் பத்தி எழுதி முடிச்சுட்டு அவ நிறுத்தலக்கா. நீ அதைப் பாத்திருக்க முடியாது, உன் வரியைச் சேர்க்க நீ திறந்தப்ப அது அங்க இல்ல. ஒத்தை விரலால தேடித் தேடித் தட்டியிருக்கா... "சின்னவன் சொன்னது கறையே இல்ல. தண்ணி பட்ட தடம். காஞ்சா போயிடும்." தட்டிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்திருக்கா. அப்புறம் ஒவ்வொரு எழுத்தா அழிச்சுட்டா. அழிச்ச இடத்துல, "நேர்ல வரட்டும், சொல்லிக்கலாம்"னு தட்டினா. அதையும் அழிச்சுட்டு எழுந்து போயிட்டா... மெஷின் நின்னிருக்கும். நான்தான் நேர்ல வரல. அவ சொல்ல இருந்ததை, அவ சொல்ல இருந்தான்னு தெரியாமலே, நீ சொல்லியிருக்கே. இதை நீ பாக்கணும்னுதான் லீவு போட்டுட்டு வந்தேன். பிளக்கை விட்டுட்டு இப்படி வந்து உக்காரு. மொதல்லேர்ந்து ஓட்டறேன்.